இரண்டு சந்தேகப் பிராணிகளும் ஒரு பச்சைக் காரும்

போன மாதம் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறிக்கொண்டிருந்தோம், நானும் என் மனைவி சுகந்தியும். பர்லியாருக்கு மேலே வழக்கம்போல வண்டிகள் வரிசைகட்டி நின்றுவிட்டன. எங்களுக்கு முன்னால் ஒரு வெளியூர்க் கார். அதை ஓட்டியவர் ஏற்றத்தில் வண்டி பின்னால் நழுவாமலிருக்க கிளட்சை மிதித்து மிதித்து விட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்த வாடை வந்தது. கிளட்ச் கருகும் வாடையை நீங்கள் முகர்ந்திருக்கிறீர்களா? தலைமுடியையும் பழைய செருப்பையும் சேர்த்துக் கொளுத்தியதுபோல இருக்கும். சுகந்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "துரைராஜண்ணன் இருந்திருந்தா இந்நேரம் எறங்கிப் போயி அந்தாளைத் திட்டியிருப்பாருங்க" என்றாள்.

துரைராஜ் எங்கள் மெக்கானிக். எங்கள் வீட்டில் அவர் பெயரைச் சொல்லி வெகுநாளாகிவிட்டது.

மூக்கு எனக்குத் தொழில்கருவி. இளம் வயதிலேயே குன்னூரில் ஒரு தேயிலைத் தரகர் அலுவலகத்தில் ருசி பார்ப்பவனாகச் சேர்ந்திருந்தேன். நீள மேசையில் வரிசையாகக் கிண்ணங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து, ஊருக்கே கேட்கும்படி உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். இது கருகியிருக்கிறது, இதில் புகை வாடை, இதை நனைந்த சாக்கில் வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். யோசித்தால் அது சந்தேகப்படுவதற்குக் கொடுத்த சம்பளம்தான். அந்தப் புத்தி அலுவலகத்தோடு நிற்கவில்லை. கல்யாணமான புதிதில் சுகந்தி வைத்த ரசத்தை ஒருமுறை உறிஞ்சிப் பார்த்துவிட்டு நான் புருவத்தை உயர்த்த, அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அப்படிப்பட்ட நான்தான், கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் மேனேஜர் ஒருவர் ஓய்வுபெற்று பெங்களூருக்குப் போகும்போது, அவருடைய பச்சை ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினேன். இங்கிலாந்தில் செய்தது. என்னைவிடக் கொஞ்சம் மூத்தது. இரண்டே இருக்கை, துணிக்கூரை. அந்தக் கூரை குன்னூர் மழையைத் தாங்காது. மழைக்காலத்தில் சுகந்தி காருக்குள் குடை பிடித்துக்கொண்டுதான் வருவாள். சாவியைக் கொடுக்கும்போது மேனேஜர் ஏனோ அவ்வளவு மலர்ச்சியாக இருந்தார். காரணம் மறுநாள் காலையில் தெரிந்தது. கார் நின்ற இடத்தில் எண்ணெய் குளம்போலத் தேங்கியிருந்தது.

அதற்குப் பிறகு நான் மெக்கானிக் தேடி அலைந்த கதை. ஊட்டியில் ஒருவர் பானெட்டைத் திறந்ததும், "யாருங்க இதுல கை வெச்சது?" என்று அதிர்ந்துபோய்க் கேட்டார். ஒரு மாதம் வைத்திருந்தார். திரும்பக் கொண்டுவந்தபோதும் எண்ணெய் ஒழுகியது. கூடவே காருக்குள் ஈரமண் வாடையும் வந்தது. இருக்கைக்கு அடியில் கையை விட்டேன். தழையோடு ஒரு கேரட். சோலூர்ப் பக்கம் யாருடைய தோட்டத்துக்கோ என் ஸ்போர்ட்ஸ் கார் கேரட் ஏற்றப் போயிருக்கிறது. எவ்வளவு ஏற்றினார்கள், எங்கே உட்கார வைத்தார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மேட்டுப்பாளையத்தில் இன்னொருவர். அவரும் அதே கேள்வியோடுதான் ஆரம்பித்தார், "யாருங்க இதுல கை வெச்சது?" ஊட்டிக்காரரைக் காய்ச்சி எடுத்துவிட்டு, "இந்த இன்ஜினைக் கழட்டி வீசிட்டு வேன் இன்ஜின் ஒண்ணு மாட்டிக்கலாங்க, சும்மா பறக்கும்" என்றார். கழற்றி வீசும் இன்ஜின் எந்தக் குப்பைக்குப் போகும் என்று கேட்டேன். அவர் பேச்சை மாற்றினார். மூன்றாவது ஆள் கோயம்புத்தூரில். மரியாதையான மனிதர். உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீ மிக நன்றாக இருந்தது. வேலை எடுப்பதற்கு முன்பே இவ்வளவு நல்ல டீ எதற்கு என்று எனக்கு உறுத்த, எழுந்து வந்துவிட்டேன். அவர் நல்லவராகவே இருந்திருக்கலாம். என்ன செய்வது, என் புத்தி அப்படி.

இதற்குள் இன்ஜின் இருமத் தொடங்கிவிட்டது. வெலிங்டன் ஏற்றத்தில் எங்களைப் பால்காரர் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டே முந்திப்போன நாளும் உண்டு. முழுதாக இறக்கிப் பிரித்து வேலை பார்த்தால்தான் கார் பிழைக்கும். பார்க்கத் தெரியாதவர் பிரித்தால் அத்தோடு முடிந்தது. உதிரிபாகம் கிடைக்காத வண்டி. அலுவலகத்தில் கிண்ணம் கழுவும் ராமன் ஒருநாள் என் புலம்பலைக் கேட்டுவிட்டுச் சொன்னான்.

"அருவங்காட்டுல ஒருத்தரு இருக்காருங்க. நல்ல கைவேலைக்காரர். ஆனா கஸ்டமரை நம்ப மாட்டாருங்க."

என்னை நம்பாத மெக்கானிக். அந்தச் சொல்லே எனக்குப் பிடித்துப்போனது.

துரைராஜுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். அந்த ஊர் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வீட்டுக்குக் கீழே தகர ஷெட்டில் கார் பார்ப்பார். மெலிந்த, உயரமான ஆள். எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை. அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வேலை முடிந்ததும் முகம் கழுவி மறுபடி போட்டுக்கொள்வார். தன் கைவேலையைப் பற்றி அவருக்கு நல்ல பெருமை உண்டு. நான் போனதும் பானெட்டைத் திறக்கவில்லை. ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டார். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வண்டி உங்க பேர்லதான் இருக்குதுங்களா?"

"ஆமாங்க."

"பழைய ஓனரு எதுக்கு வித்தாராமா?"

"பெங்களூருக்குப் போறாருன்னு சொன்னாருங்க."

"நீங்க நம்பிட்டீங்க."

புத்தகத்தைத் திருப்பி என் கையில் கொடுத்தார். பிறகு நிபந்தனைகளைச் சொன்னார். இன்ஜின் இறங்கும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும். ஞாயிறு தவிர வேறு நாளில் வேலை கிடையாது. அவிழ்க்கும் ஒவ்வொரு பாகத்தையும் அன்றன்றைக்கு நான் என் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும்.

"எதுக்குங்க ஊட்டுக்கு? இங்கயே இருக்கட்டுமே" என்றேன்.

"நாளைக்கு இதைக் காணோம், அதை மாத்திட்டேன்னு நீங்க சொல்லக்கூடாது பாருங்க. தெனமும் வேலை முடிஞ்சு வெளிய வர்றப்ப பேக்டரி கேட்ல என் டிபன் கேரியரைத் தெறந்து பாத்துட்டுத்தான் உடுறாங்க. எனக்கு அதுல வருத்தமே இல்லைங்க. பாத்துட்டாங்கன்னா அப்பறம் ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல முடியாது."

நான் வந்த வழியே திரும்பிப் போயிருக்க வேண்டும். ஆனால் இவ்வளவு வெளிப்படையாகச் சந்தேகப்படுகிறவரை எப்படிச் சந்தேகப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. முயன்றும் பார்த்தேன். சந்தேகத்துக்கு இடமே வைக்காததுதான் தந்திரமோ என்றுகூடத் தோன்றியது.

இப்படியாக எங்கள் வீட்டுக்குள் ஒரு இன்ஜின் தவணை முறையில் குடிவந்தது. பிஸ்டன்கள் அரிசி டப்பாவுக்கு மேலே. வால்வுகள் பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில். கிராங்க் என்னும் கனத்த தண்டை ஈரம் படாமலிருக்க சுகந்தியின் பழைய சேலையில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் கிடத்தியிருந்தோம். பார்த்தால் குழந்தை தூங்குவதுபோல இருக்கும். வீடு முழுக்க, பாகங்களைக் கழுவிய மண்ணெண்ணெய் வாடை. என் கைகளிலும் அதே வாடை ஏறிவிட்டது. எந்தச் சோப்புக்கும் போகவில்லை. திங்கட்கிழமைகளில் தலைமை ருசியாளர் என்னைக் கிண்ணங்களுக்கு அருகே விடமாட்டார். "தோட்டத்துக்காரங்க நம்ம மேல கேஸ் போட்டிருவாங்கப்பா" என்று சொல்லி ஜன்னலோரம் உட்கார வைத்துவிடுவார்.

"இது ஊடுங்களா, ஒர்க்ஷாப்புங்களா? அந்தாளு நம்ம ஊட்டைக் குடோனாக்கிட்டு அவரு நிம்மதியா இருக்காரு" என்று சுகந்தி தினமும் கேட்டாள். அவளுக்குத் துரைராஜ் மேல் என்னைவிட அதிகச் சந்தேகம். பிரிப்பதை மட்டும் காட்டுகிறாரே, சேர்க்கத் தெரியுமா என்று.

ஒருநாள் அவரே வீட்டுக்கு வந்துவிட்டார், பாகங்களை ஒழுங்காக வைத்திருக்கிறோமா என்று பார்க்க. வாசலில் செருப்பை விட்டுவிட்டு நேரே படுக்கையறைக்குப் போய், குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். சேலையை விலக்கி விரலால் தடவி, துரு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். சுகந்தி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, இது ஓடுமுங்களா? இல்ல, எங்க கட்டலுக்கடியிலயே கெடக்குமுங்களா?"

"ஓட வெக்கறது என் பொறுப்புங்க. ஓட்டறது உங்க ஊட்டுக்காரர் பொறுப்பு. எனக்கு ரெண்டாவதுலதான் சந்தேகம்."

சுகந்தி சிரித்துவிட்டாள். எனக்கும் அதே சந்தேகம்தான் என்றாள். என்னை நடுவில் நிறுத்தி இரண்டு பேரும் ஒன்றாகிவிட்டார்கள். அன்றைக்குத்தான் அவர் எங்கள் வீட்டில் முதல்முறையாக டீ குடித்தார், குடிப்பதற்கு முன் டம்ளருக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு.

மழைக்காலம் முடிந்து, பனி தொடங்கும்போது இன்ஜின் மறுபடி காருக்குள் போனது. பிரேக்குகளையும் முழுதாகப் பிரித்துப் புதுப்பித்திருந்தார். முதல் ஓட்டம் பர்லியார்வரை என்று முடிவாயிற்று. இறக்கத்தில் பிரேக்கும் ஏற்றத்தில் இன்ஜினும் தெரிந்துவிடும் என்றார். நான் அவரை ஓட்டச் சொன்னேன்.

"வேண்டாங்க. நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். கைவேலையை நம்பறதுன்னா நானும் அதுலதான வரோணும்?"

சொன்னாரே தவிர, ஏறும்போதே கருவிப்பையை எடுத்துக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைக் காலை. காட்டேரி தாண்டி இறங்கும்வரை கார் பாடிக்கொண்டே போனது. என் வாழ்க்கையில் அவ்வளவு கர்வமாக நான் எதையும் ஓட்டியதில்லை. ஒவ்வொரு வளைவிலும் துரைராஜ், தன் பக்கம் இல்லாத பிரேக்கைக் காலால் அமுக்கிக்கொண்டே வந்தார்.

அடுத்தடுத்து வளைவுகள் வந்த இடத்தில் பிரேக்கை மிதித்தேன். கால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கீழே போனது. அடுத்த வளைவில் இன்னும் கீழே. மூன்றாவது முறை, சேற்றில் வைத்ததுபோல அடிவரை போய்விட்டது. என் வாயில் பித்தளைச் சுவை ஊறியதை இப்போதும் சொல்ல முடியும். "பிரேக் புடிக்கலைங்க" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"செகண்ட்டுக்கு வாங்க" என்றார், ஏதோ டீ கேட்பதுபோல. "ஹேண்ட் பிரேக்கை நான் புடிக்கறேன். நீங்க ஸ்டியரிங்கை மட்டும் பாருங்க. மலைப்பக்கம் வாய்க்கால் தெரியுதா? அதுல ஒரு சக்கரத்தை எறக்குங்க. மெல்ல."

இன்ஜின் அலறியது. எதிரே வந்த பேருந்து விளக்கைப் போட்டு ஒதுங்கியது. வாய்க்காலில் சக்கரம் இறங்கி, பக்கவாட்டில் பாறையை உரசிக்கொண்டு கார் நின்றது. மேலே மரத்திலிருந்து ஒரு குரங்கு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

துரைராஜ் இறங்கி, சாலையில் படுத்து முன்சக்கரத்துக்குப் பின்னால் பார்த்தார். சக்கரத்தின் உட்புறம் முழுக்க பிரேக் ஆயில். நான் அவர் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தேன். பழைய குழாய் என்பார், ஊட்டிக்காரன் கெடுத்துவைத்தது என்பார், இறக்கத்தில் அவ்வளவு வேகமாக வந்தது என் தப்பு என்பார். ஒவ்வொன்றுக்கும் பதில்கூட மனதில் தயாராக இருந்தது.

அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது.

"என் கைவேலைதாங்க. குழாய் சேர்ற எடத்துல இந்த நட்டை நான் சரியா முறுக்கலைங்க."

அவ்வளவுதான் சொன்னார். எத்தனையோ கைகள் அந்தக் காரைத் தொட்டிருக்கின்றன. என் கை என்று சொன்னது அந்த ஒன்றுதான். உயிர் போயிருக்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு, எனக்கு ஒரு மெக்கானிக் கிடைத்துவிட்டார் என்று நான் சந்தோஷப்பட்டேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் நடந்தது அதுதான்.

பைக்குள் ஆயில் புட்டியும் இருந்தது. நட்டை முறுக்கி, குழாயிலிருந்த காற்றை அங்கேயே எடுத்தோம். நான் உள்ளே உட்கார்ந்து மிதிக்க, அவர் சக்கரத்தடியிலிருந்து, "அமுக்குங்க... அப்படியே புடிங்க... உடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் மிதி கல்லாய் நின்றது.

"மேல போயிரலாங்களா?" என்று கேட்டார்.

"பர்லியாருன்னுதான பேசுனோம்" என்றேன்.

கீழே போனோம். பர்லியாரில் பழக்கடையில் மங்குஸ்தான் வாங்கி, சுகந்திக்குக் கொடுக்கச் சொன்னார். நடந்ததை அவளிடம் சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லிவைத்தேன். வீட்டு வாசலில் கார் நின்றதும் அவரே அவளிடம் முழுவதும் சொல்லிவிட்டார், தன் மேல் தப்பு என்பது உட்பட.

அதற்குப் பிறகு அந்தக் காரை வேறு யாரும் தொடவில்லை. பாகங்களும் வீட்டுக்கு வரவில்லை. ஷெட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். மகள் பிறந்தாள், இரண்டு இருக்கை போதாமல் போனது. கோயம்புத்தூரில் பழைய கார் சேர்ப்பவர் ஒருவருக்கு விற்றோம். வாங்க வந்தவரைத் துரைராஜ் அரைமணி நேரம் விசாரித்தார். பல வருடம் கழித்துத் துரைராஜ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மகனோடு திருப்பூருக்குப் போனார். நெஞ்சுவலியில் போய்விட்டார் என்று செய்தி வந்தபோது எல்லாம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

தேயிலை ஏலமும் கணினிக்குள் போய்விட்டது. இப்போது என் காரைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில், கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வேலை பார்க்கிறார்கள். போன முறை பிரேக் மாற்றினார்கள். பார்த்த ஆளிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றேன். "அப்படித் தனியா ஒருத்தர்னு இல்லைங்க சார், டீம்தான்" என்றார் டை கட்டிய பையன். வீட்டுக்கு வருவதற்குள், எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று கேட்டுச் செய்தி வந்துவிட்டது.

கிளட்ச் வாடை அடித்த மறுநாள் அருவங்காட்டுக்குப் போனேன். ஷெட் இருந்த இடத்தைச் சமப்படுத்தி, தங்கும் விடுதிக்குக் கார் நிறுத்துமிடம் ஆக்கியிருக்கிறார்கள். அவர் வீடும் இல்லை. இறங்கி நின்றேன். மண்ணெண்ணெய் வாடை ஏதும் மிச்சமிருக்கிறதா என்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். சிமெண்ட் வாடைதான். காவலாளி வந்தார்.

"யாரைங்க பாக்கோணும்?"

"யாரையும் இல்லைங்க. சும்மா."

அவர் நம்பவில்லை. நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகும்போது கண்ணாடியில் பார்த்தேன். சாலை நடுவே வந்து நின்று, என் வண்டி எண்ணை உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.