வெள்ளைப்பூ தேடிய இரண்டு வாரம்

இன்று காலை தெமியாங்கில் என் வீட்டுக்குப் பின்னால் கால்வாய் ஓரத்துப் புதர்களை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். எந்திரம் ஓய்ந்ததும் ஜன்னல் வழியே ஒரு வாசம் ஏறி வந்தது. துவர்ப்பான, நசுங்கிய பச்சை வாசம். செண்டுடுக் செடி. உடனே சித்தி நினைவில் வந்துவிட்டாள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. போர்டிக்சன் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழ்க்கைப்பட்டிருந்த சித்தி, அம்மாவின் தங்கை, ஒற்றைப் பையோடு எங்கள் ரப்பர் தோட்டத்தில் வந்து இறங்கினாள். கல்யாணமாகி நான்கு வருடம், பிள்ளையில்லை. வெள்ளைப்பூ பூக்கும் செண்டுடுக்கின் வேரைக் காய்ச்சிக் குடித்தால் கரு தங்கும் என்று யாரோ அவள் மாமியாரிடம் சொல்லியிருக்கிறார்கள். "வேரோட வா, இல்லாட்டி அங்கேயே கெட" என்று அனுப்பிவிட்டாள் மாமியார்.

எங்கள் பால்மரக் காட்டில் செண்டுடுக்குக்கா பஞ்சம்? ஆனால் எங்கும் ஊதா. பள்ளி விட்டு வந்ததும் நானும் சித்தியும் கிளம்புவோம். தேடத் தேட ஊதாவுக்குள்ளேயே இரண்டு வகை பிரிந்து தெரிந்தது. ஒன்று கறுத்த ஊதா, இன்னொன்று துவைத்துத் துவைத்துச் சாயம் போன சட்டை மாதிரி ரோஸ். "இதான் வெள்ள!" என்று நான் கத்தும்போதெல்லாம் சித்தி அந்த இதழைத் தன் பல்லருகே வைத்துக் காட்டுவாள்.

"என் பல்லு வெள்ளையா, இது வெள்ளையா? ரோஸுலா இது, குருட்டுப் பூனை!"

பிறகு செண்டுடுக் பழத்தைத் தின்று, நீலம் பாய்ந்த நாக்கை நீட்டிச் சிரிப்போம். வந்த அன்று, யாராவது உரக்கக் கூப்பிட்டாலே திடுக்கிட்டு எழுந்தவள், இப்போது இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

"சாங்காலம் போனா பூவெல்லாம் வாடிருது சித்தி. சனிக்கெழம காலையில போலாமே."

"காலையில பனிலா. எனக்கு ஒத்துக்காது."

பூ இல்லாமல் கண்டுபிடிக்க முடியாதா? அதுவே என் தலைக்குள் குடைந்தது. மொட்டுகளைப் பறித்து வரிசையாக வைத்தேன். கறுத்த ஊதாவின் மொட்டுக்குச் செதில் செதிலாகச் செம்பழுப்புச் சட்டை. ரோஸுக்கு அந்தச் சிவப்பு பாதிதான். அப்படியென்றால் வெள்ளைக்குச் சிவப்பே இருக்காது!

மறுநாள் சதுப்பை ஒட்டிய கடைசி நிரையில் ஒரு செடி. தண்டும் மொட்டும் வெறும் பச்சை. சித்தி அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"சீக்குப் புடிச்ச செடி. வாடி."

கையைப் பிடித்து இழுத்துவந்துவிட்டாள்.

எனக்கு ரோஷம். சனிக்கிழமை விடிந்தும் விடியாமல் தனியாக ஓடினேன். விரிந்திருந்தது. ஐந்து இதழ், அரிசி மாவின் வெள்ளை. பின்னால் சாய்ந்து இழுத்து, வேரும் நானுமாகச் சேற்றில் விழுந்து, செடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீடு வந்தேன். அம்மா என் சேற்றுக் கன்னத்தில் முத்தம் வைத்தாள். "நல்ல நாளாப் போச்சு, மத்தியான பஸ்ஸுக்கே கெளம்பு" என்றாள் தங்கையிடம். சித்தி பூவைப் பார்க்கவில்லை. வேரில் ஒட்டிய மண்ணை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

பஸ் வந்தது. அவள் என்னைப் பாராட்டுவாள் என்று முகத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். குனிந்தாள், என் தலைமுடியில் காய்ந்திருந்த சேற்றை உதிர்த்தாள்.

"இன்னும் நாலு நாளு தேடியிருக்கலாமேடி."