பெருமாளுக்கும் பத்தியம்

இரண்டாம் உலக யுத்த காலம். என் கணவருக்கு ரத்தக்கொதிப்பு என்றார் பாலக்கரை டாக்டர். "இதுக்கு மருந்து இன்னும் ஆராய்ச்சியிலதாம்மா இருக்கு. உப்பை அடியோட நிறுத்துங்க."

எங்கள் ஸ்ரீரங்கத்து அகத்தில் பெருமாளுக்குப் படைக்காமல் யாரும் சாப்பிடுவதில்லை. எல்லாருக்கும் சமைக்கிற தளிகையும் ஒன்றுதான். அதனால் பெருமாளும் உப்பில்லாமல் அமுது செய்தார்.

"அவரையும் பத்தியம் இருக்க வெச்சுட்டியேடி" என்று இவர் சிரித்தார்.

"அவருக்கும் கஷ்டம் தெரியட்டுமே. அப்பவாவது உங்களைக் காப்பாத்துவார்" என்றேன்.

ஆடியில் ஒருநாள், பூஜை மணியைக் கையில் எடுத்தவர் அப்படியே சாய்ந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம்.

"நீங்க ஒரு குறையும் வைக்கலேம்மா. எங்க கையிலதான் ஒண்ணுமில்லே" என்று டாக்டர் தலைகுனிந்தார்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள், தளிகையில் உப்புப் போட்டேன். பெருமாளின் பத்தியம் முடிந்தது. இன்றும் தவறாமல் படைக்கிறேன். அவரிடம் எதுவும் கேட்பதில்லை.