செத்த நேரத்துல வாரேன்

எங்கள் பக்கத்தில் குழந்தையிடம் சொல்லிக்கொண்டு ஊருக்குக் கிளம்புகிற வழக்கம் கிடையாது. சொன்னால் அழும், அழுதால் காய்ச்சல் வரும், கிளம்புகிறவர்களுக்கும் சகுனம் சரியிருக்காது. ஆகவே முறுக்கோ மிட்டாயோ வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கமாக நழுவிவிட வேண்டும். பெரியவர்களிடம்கூட "போறேன்" என்று சொல்லக் கூடாது, "போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்ல வேண்டும். நான் மலாயாவுக்குக் கிளம்பிய அன்று, மூன்று வயதான என் மகளிடம், "முறுக்கு வாங்கிட்டு செத்த நேரத்துல வாரேன், அழுகாம இரு" என்று சொல்லிவிட்டுத்தான் எங்கள் ஊர் அகரத்தில் வண்டியேறினேன். திரும்பி வர ஐந்து வருஷம் ஆயிற்று.

அவளை விட்டுவிட்டுப் போனது என் யோசனை இல்லை. என் வீட்டுக்காரருக்கு மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி வேலை. எங்கள் தெருவில் அதற்கு முன்னால் கப்பலேறிய சில குடும்பங்கள் ஊர்ப்பக்கம் தலைகாட்டவே இல்லை. அதைப் பார்த்துப் பயந்துபோன பெரியவர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். மூத்த பிள்ளையை ஊரில் நிறுத்திக்கொள்வது. பிள்ளை இங்கே இருந்தால் பெற்றவர்கள் வந்துதானே ஆக வேண்டும்.

"புள்ளைய இங்க விட்டுட்டுப் போங்கப்பா. அப்பத்தான் ஊரு நெனப்பு இருக்கும்" என்றார் மாமனார்.

வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா முன்னால் நின்றால் அவர் வாயில் கொழுக்கட்டைதான். எனக்கு வாய் உண்டு, ஆனால் அந்த வீட்டில் மருமகள் பேச்சு அடுப்படியைத் தாண்டிச் செல்லுபடியாகாது. அன்றைக்குப் பாத்திரங்களை நான் கழுவிய கழுவலில் ஒரு சொம்பு நசுங்கிப்போனது. குழந்தையை வாங்கிக்கொண்டவள் என் நாத்தனார். கல்யாணமான வருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்தவள். என்னைவிட இளையவள், அதிர்ந்து பேசத் தெரியாதவள்.

தோட்டத்தில் எனக்கு அடுத்தடுத்து இரண்டு பையன்கள் பிறந்தார்கள். அங்கே பிள்ளை வளர்ப்பதில் வசதிக்குக் குறைவில்லை. தண்ணீர் குழாயில் வந்தது, பால்மாவு டின்னில் வந்தது. மனுஷர்தான் இல்லை. குழந்தைக்கு மாந்தமா, வெறும் சளியா என்று கேட்கக்கூட ஓர் ஆள் கிடையாது. மழை பிடித்துக்கொண்டால் நாள் முழுக்க நானும் இரண்டு பிள்ளைகளும் ரப்பர் மரங்களும்தான். பையன்கள் வீட்டுக்குள் தமிழும் வாசலில் மலாயும் பேசினார்கள். சண்டை என்று வந்துவிட்டால் மலாய்தான். அவர்களை அதட்டிக் கூப்பிடும்போது சில நேரம் என் வாயில் மகளின் பெயர் வந்துவிடும். பெரியவன், "அது யாரும்மா?" என்று கேட்பான். "ஒங்க அக்காடா" என்பேன். ஊரில் ஏரோப்பிளேன் பறந்தது என்று சொன்ன மாதிரி கேட்டுக்கொண்டு போய்விடுவான்.

அவளுக்கு நான் கவுன் தைத்து அனுப்பிக்கொண்டே இருந்தேன். ஊருக்கு யார் கிளம்பினாலும் அவர்கள் பெட்டியில் என் பொட்டலம் ஒன்று ஏறிவிடும். அளவுக்கு என்ன செய்வது? பக்கத்து வீட்டுக் கங்காணிக்கு அதே வயதில் ஒரு மகள் இருந்தாள். அவள் கையில் பிஸ்கட்டைக் கொடுத்து, அசையாமல் நிற்கச் சொல்லி, தோளும் இடுப்பும் அளந்துகொள்வேன். அந்தப் பெண் ஓரங்குலம் வளர்ந்தால் திண்டுக்கல் பக்கத்தில் என் மகளும் ஓரங்குலம் வளர்ந்துவிட்டாள் என்று எனக்கு ஒரு சந்தோஷம். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அந்த நாட்களில் என்னைத் தாங்கியது அந்தப் பைத்தியக்காரத்தனம்தான்.

மாமனார் இறந்துபோனார் என்று செய்தி வந்தது. பிடித்துவைத்தவரே போய்விட்டார், இனி மகளைக் கூட்டிவந்துவிடலாம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அப்புறம்தான் அழுதேன். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. ஊருக்கு வந்த ஒரு குடும்பத்தோடு சேர்ந்து, இரண்டு பையன்களையும் இழுத்துக்கொண்டு நான் மட்டும் வந்தேன்.

அகரத்தில் வண்டி நின்றதும் எட்டு வயதுப் பெண் ஒருத்தி ஒரு சொம்பு தண்ணீரோடு வந்தாள். "வாங்க. தண்ணி குடிங்க" என்றாள். இரட்டைப் பின்னல், நிறைய கனகாம்பரம். கங்காணி மகளைவிட ஒரு சாண் குட்டை. உடம்பும் ஒடிசல். நான் கட்டிக்கொண்டபோது முரண்டு பிடிக்கவில்லை. எப்போது விடுவார்கள் என்று பொறுமையாக நின்றாள். அத்தைக்காரி நன்றாகத்தான் வளர்த்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் மகள் என்னை, "இதான் மலாயா அம்மா" என்று காட்டினாள்.

கண் மூடித் திறக்கிற பொம்மையைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டுபோய் அத்தையிடம் கொடுத்து, "பத்திரமா வச்சுக்க" என்றாள். தம்பிமார்தான் அவளுக்குப் பிடித்துப்போனார்கள். சின்னவனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடு மாடெல்லாம் காட்டினாள். "ஏலே, இம்புட்டுப் பெரிய ஆளு, இந்த மாட்டுக்கா பயந்துக்கிற?" என்று பெரியவனைக் கேலி செய்வாள். என்னைக் கண்டால் மட்டும் சிரிப்பு நின்றுவிடும்.

ஒருநாள் கொடியில் காய்ந்த அவள் கவுனை எடுத்து மடித்தேன். நான் தைத்ததுதான். இடுப்பில் இரண்டு பக்கமும் பிடித்து, கீழே உள்மடிப்பு வைத்து, பொடித் தையலாகக் கையால் தைத்திருந்தது. எல்லாக் கவுனிலும் அப்படித்தான். பிள்ளை வளர வளரப் பிரித்துவிடுகிற மாதிரி தையல்.

"எல்லாமே பெருசாத்தான் இருந்துச்சா?" என்று நாத்தனாரைக் கேட்டேன்.

"கொஞ்சந்தான் மதினி. பிடிச்சு விட்டா சரியாப் போச்சு" என்றாள், தப்பு அவளுடையது மாதிரி.

எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் யார் பிள்ளையையோ அளந்துகொண்டிருந்தேன். அவள் என் பிள்ளையை நிற்கவைத்து ஊசி பிடித்திருக்கிறாள்.

கூட்டிக்கொண்டு போகப்போகிறேன் என்று சொன்னபோது அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "ஒங்க புள்ள மதினி. அப்பாவும் போயாச்சு. யாரைக் கேக்கணும்?" என்றாள். பிள்ளையிடம், கப்பலில் போகிறோம், அப்பாவைப் பார்க்கப்போகிறோம் என்று சொன்னோம். ஆனந்தமாகத் தலையாட்டினாள். அத்தை வரவில்லை என்று யாரும் சொல்லவில்லை. சொன்னால் அழுவாளே.

திண்டுக்கல் ஸ்டேஷனுக்கு நாத்தனாரும் வந்தாள். திருச்சிக்கு ரயிலேறி, அங்கிருந்து நாகப்பட்டினம் போய்க் கப்பலேற வேண்டும். வழிக்குப் புளிச்சோறும் வெஞ்சனமும் கட்டிய தூக்கை ரயில் பெட்டிக்குள் வைத்துவிட்டு அவள் இறங்கிக்கொண்டாள். மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து, தம்பிமாரை நெருக்கித் தள்ளி ஓரிடம் பிடித்து வைத்திருந்தாள்.

"அத்தை, நீ இங்ஙன வந்து உக்காரு."

நாத்தனார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள்.

"முறுக்கு வாங்கிட்டு செத்த நேரத்துல வாரேன் தங்கம். அழுகாம இரு."

மகளின் முகம் வெளுத்துப்போனது. அழவில்லை. அத்தையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மாவும் இப்படித்தான் சொல்லிட்டுப் போச்சு" என்றாள்.

அவள் என்னை மறந்துவிட்டாள் என்று அத்தனை நாளும் நினைத்திருந்தேன். மறக்கவில்லை. என் முகம் போய்விட்டிருக்கலாம், அந்தச் சொல் போகவில்லை. மூன்று வயதில் முறுக்குக்காக எத்தனை நாள் வாசலைப் பார்த்திருந்தாளோ. நான் மறந்த எதையும் யாரும் இப்படி எடுத்து என் கையில் வைத்ததில்லை.

அதற்குள் எழுந்து கதவுப்பக்கம் ஓடினாள். எட்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். "அத்தை, போகாத! அத்தை!" என்று அலறினாள். பெட்டியில் இருந்த ஒருவர், "விடாம பிடிங்கம்மா, ரெண்டு நாளு அழுதா சரியாப் போயிரும்" என்றார். ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்றுதான் நான் மலாயாவுக்குக் கிளம்பியபோது என்னிடமும் சொன்னார்கள். என் விரலுக்கடியில் அந்தக் கவுனின் பிடிப்புத் தையல் தட்டுப்பட்டது. மணி அடித்துவிட்டது. கையை எடுத்துவிட்டேன்.

இறங்கி ஓடி அத்தையின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நாத்தனார், "மதினி, மதினி" என்று பதறினாள். "இருக்கட்டும். ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்றேன். வண்டி நகர ஆரம்பித்தது. பையன்கள் அக்கா, அக்கா என்று கத்தினார்கள்.

மகள் திரும்பிப் பார்த்தாள். வாய் வரைக்கும் வந்த "வாரேன்" என்பதை விழுங்கினேன். எங்கள் ஊரில் யாரும் சொல்லக் கூடாததைச் சொன்னேன்.

"நான் போறேன் கண்ணு."

அவள் என்னைப் பார்த்துச் சரி என்று தலையாட்டினாள். இந்தத் தடவை நான் சொன்னதை நம்பினாள்.