உள்தடம்

மைதானத்தில் ஓடுதடத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவதுதான் அவருக்கு வேலை. ஊருக்கே அவர் கோட்டுக்காரர். சாமி கும்பிடாமல் சுண்ணாம்பைத் தொடமாட்டார். கோடு கோணினால் ஓடுகிறவனுக்குச் செய்த துரோகம் என்பார்.

டிரைவரும் தச்சரும் ஒல்லியும் சின்ன வயதிலிருந்தே கூட்டாளிகள். வருஷத்துக்கு ஒருமுறை அங்கே ஒரு சுற்று ஓடிப் பார்ப்பார்கள். ஒல்லிதான் எப்போதும் முதல். போன தடவை, மற்ற இருவரில் யார் இரண்டாவது என்று தகராறு வந்தது. கோட்டுக்காரரைக் கேட்டார்கள். ஒல்லியின் ஓட்டத்திலேயே கண்ணை வைத்திருந்தவர், தெரியாது என்றுவிட்டார். பேச்சு தடித்து, முகம் பார்ப்பதும் நின்றுபோனது. அதற்குள் ஒல்லி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அவன் சாவிலும் இருவரும் ஆளுக்கொரு மூலையில் நின்றதைக் கோட்டுக்காரரால் தாங்க முடியவில்லை.

"இன்னொரு தடவை ஓடுங்கப்பா. இந்தத் தடவை உங்க ரெண்டு பேர் மேல இருந்து கண்ணை எடுக்கமாட்டேன்" என்று மன்றாடி வரவழைத்தார்.

விடியற்காலை. கண்ணை மறைக்கும் பனி. வளைவில் வெளித்தடம் நீளம் என்பதால், வெளியே ஓடுகிறவருக்குக் கோட்டை முன்னால் தள்ளிப் போடவேண்டும். அதையெல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தார். ஆனால் கைப்பழக்கத்தில், ஒல்லி ஓடும் உள்தடத்திலும் ஒரு கோடு விழுந்திருந்தது.

"என்னண்ணே, அங்க யாரு ஓடப்போறா?" என்றார் தச்சர்.

"ஐயோ, கை தவறிப்போச்சுப்பா. அழிச்சிடறேன்."

"விடுங்கண்ணே. அழிச்சா அவன் கோவிச்சுக்குவான்" என்று சிரிக்கப் பார்த்தார் டிரைவர். சிரிப்பு வரவில்லை.

விசில் ஊதியதும் இருவரும் பனிக்குள் மறைந்தார்கள். கோட்டுக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். தச்சருக்குத் தொப்பை, காலடி தொப்தொப்பென்று விழும். டிரைவர் ஒரு காலை இழுப்பார். இரண்டும் கேட்டன. அவற்றுக்கு முன்னால், பஞ்சு மாதிரி, இன்னொரு காலடியும் கேட்டது.

அவர் வாய் தானாகச் சாமி பேரைச் சொன்னது. உள்தடத்தில் மட்டும் பனி விலகி வழிவிட்டது. ஆள் இல்லை. ஒரு காற்று அவரை உரசிக்கொண்டு தாண்டிப்போனது. போன திசையையே பார்த்து நின்றவர், பின்னால் மூச்சிரைப்புக் கேட்டுத்தான் திரும்பினார்.

"யாருண்ணே?" என்றார் தச்சர், குனிந்து முழங்காலைப் பிடித்தபடி.

கோட்டுக்காரருக்குப் பொய் வராது. "மன்னிச்சுடுங்கப்பா. ரெண்டாவது யாருன்னு இந்தத் தடவையும் நான் பாக்கல."

ரெண்டாவதா என்று இருவரும் கேட்கவில்லை.

"உனக்கும் கேட்டுச்சாடா?" என்றார் டிரைவர், தச்சரிடம்.

"வளைவுலயே முந்திட்டாண்டா, பாவி."

டிரைவர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். இருவரும் நடுங்கிக்கொண்டிருந்தார்கள், ஆனால் டிரைவர் கையை மட்டும் எடுக்கவில்லை.