பேர் வராத பிள்ளைகள்

பிள்ளைகளே, போன சனிக்கிழமை தல்லாகுளத்தில் ஒரு பள்ளிக்கூட வாசலில் காத்து நின்றேன். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்று அங்கே தனி வகுப்பு; அதற்குப் பரீட்சை வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்குகிறார்கள். மூன்றாவது படிக்கும் என் மகள் உள்ளே பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். எதிர் டீக்கடையில் பழைய காகிதத்தைக் கொளுத்தினார்கள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் மனசு மேலூரில் நான் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது.

அப்போது நானும் மூன்றாவதுதான். எங்கள் வாத்தியார் வகுப்பில் ஐந்து பேரை மட்டும் பொறுக்கி, வெள்ளிக்கிழமைதோறும் மைதானத்துக்குக் கூட்டிப்போவார். மற்றவர்கள் உள்ளேயே உட்கார்ந்து வாய்ப்பாடு எழுத வேண்டும். ஒருநாள் ஜன்னல் வழியாகக் கருகிய காகித வாசம் வந்தது. பூதக்கண்ணாடியில் வெயிலைப் பிடித்துக் காகிதத்தைப் பற்றவைக்கிறார்கள். "ஏய், புகையுதுடா!" என்று வெளியே ஒரே கூச்சல். எங்களுக்கு எழுதக் கை ஓடவில்லை.

என் பக்கத்தில் இருந்த மாரி எழுந்துபோய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "சார், இந்தப் பக்கமும் இம்புட்டு வெயில் அடிக்குதே சார், நாங்களும் வரவா?"

"பேரு வந்தவன் மட்டும்தான்டா. போய் ஒக்காந்து எழுது," என்றார் வாத்தியார். வெளியே நின்ற ஐந்து பேரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு மாரி எந்த வகுப்பிலும் எதுவும் கேட்டதில்லை.

தல்லாகுளத்தில் அன்று சாயங்காலம் தேறியவர்களின் பெயர்களை மைக்கில் வாசித்தார்கள். என் மகள் பெயர் வரவில்லை. வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்: "அங்க சொல்லிக்குடுக்கிறதெல்லாம் எனக்குப் புரியாதாப்பா?"

"புரியும் தாயி. காட்டத்தான் மாட்டாங்க."