தூங்கப் போன இடத்தில் வந்த சாமி

ஒரு தட்டு. காதைச் சாய்க்கிறாள். இன்னொரு தட்டு. "பழுக்கல" என்று தர்ப்பூசணியை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுக்கிறாள் பேராச்சி. தட்டிப் பார்க்காமல் அவள் எதையும் நம்புவதில்லை. பிளாஸ்டிக் வாளி, தேங்காய், மகனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டின் கதவு, எல்லாம் அவளிடம் தட்டு வாங்கியவை. "மனுசன் பொய் சொல்லுவான், சத்தம் சொல்லாதுட்டி" என்பாள் மருமகளிடம்.

தாராவியில் இட்லி மாவு அரைத்து விற்கிறாள். கடையில் நான்கு கிரைண்டர். "அஞ்சாவது மிசின் என் மண்டைக்குள்ள ஓடுது. அதுக்குக் கரண்டு பில்லும் இல்ல, சுவிட்சும் இல்ல" என்று சொல்லி அவளே முதலில் சிரிப்பாள். ராத்திரி தூக்கம் மட்டும் கிட்ட வராது. மருமகள் பொன்செல்வி போனில் தேடி, மாட்டுங்காவில் ஞாயிறு காலை நடக்கும் ஒலி சிகிச்சை வகுப்பில் மாமியாரைச் சேர்த்துவிட்டாள்.

ஆசிரியை ஷர்மிளாவுக்குக் குரலே மயிலிறகு. முதல் வாரம் வெண்கலக் கிண்ணத்தின் விளிம்பை அவள் தேய்க்க, எழுந்த ரீங்காரத்தில் பேராச்சி கண் மூடினாள். பாயைச் சுருட்ட வந்தவர்கள் அவளையும் சேர்த்துச் சுருட்டியிருப்பார்கள். அப்படி ஒரு தூக்கம்!

இரண்டாம் வாரம் ஆளுக்கொரு மேளம். "மனசை விட்டுடுங்க. உடம்பு எங்க போகுதோ போகட்டும்" என்றாள் ஷர்மிளா. ஊர்க் கோயில் கொடைவிழாவில் அம்மன் இறங்கி ஆடுகிற குடும்பத்துக்காரியிடம், மேளத்தையும் அடித்துக்கொண்டு, சொல்லக்கூடாத வார்த்தை இது. பேராச்சி விட்டுவிட்டாள். கொண்டை அவிழ்ந்தது, பாய் பறந்தது. இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்று வகுப்புக்கு வரும் சங்கரநாராயணன் முன்னால் வந்து நின்று அம்மன் உறுமினாள்: "ஒனக்கு முட்டுவலி இல்லடே! சோம்பேறித்தனம்!" மனிதர் அன்று சாயங்காலமே ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவைச் சுற்றி விறுவிறுவென்று நடந்தார்.

மூன்றாம் வாரம் கூடத்தில் காலூன்ற இடமில்லை. மன அமைதி வேண்டி ஒருவரும் வரவில்லை. குறி கேட்க வந்திருந்தார்கள். ஒரு மாமி கையில் எலுமிச்சம்பழம் வேறு. ஷர்மிளா பேராச்சியை ஓரமாகக் கூப்பிட்டாள். "அக்கா, இது தெரபி. இன்னொரு தடவை சாமி வந்தா, நீங்க இனிமே வர வேண்டாம்."

"யம்மா, அவள நானா கூப்பிடுதேன்? நான் தூங்கல்லா வந்தேன்!"

மேளம் தொடங்கியது. பேராச்சி கண்ணை இறுக்கிக்கொண்டு மாவுக்கணக்கைப் பிடித்தாள்: "நாலு அரிசி, ஒரு உளுந்து, கொஞ்சம் வெந்தயம்..." பக்கத்தில் சங்கரநாராயணன் யாருக்கும் தெரியாமல் தாளத்தை முடுக்கினார்.

"யய்யா, மெள்ள அடியும்!"

"பொண்ணுக்கு விசா வருமான்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டுண்டுடறேனே!"

மற்றவர்களும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். உளுந்தும் அரிசியும் முன்னே பின்னே மாறின. பேராச்சியின் கட்டைவிரல் துடித்தது, கொண்டை தளர்ந்தது. சட்டென்று கையை நீட்டி, ஓடுகிற கிரைண்டரை அமர்த்துகிற வேகத்தில், அவர் மேளத்தின் தோலில் உள்ளங்கையைப் பதித்தாள். "பஸ்! போதும்!"

எல்லா மேளமும் நின்றது. அந்த இடைவெளியில் ஷர்மிளா அவசரமாகக் கிண்ணத்தைத் தேய்த்தாள். ரீங்காரம் எழுந்தது, பேராச்சி சாய்ந்தாள், குறட்டை கிளம்பியது. அதுவும் தாளம் தப்பாமல். மாமி எலுமிச்சம்பழத்தை வெடுக்கென்று பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

எல்லோரும் போன பிறகு ஷர்மிளா வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். மெல்ல வந்து மண்டியிட்டு, பேராச்சியின் காதருகே குனிந்தாள்.

"அக்கா... செம்பூர்ல இன்னொரு கிளாஸ் ஆரம்பிச்சா ஓடுமா? எனக்கு மட்டும் சொல்லுங்களேன்..."

பேராச்சி கண் திறக்கவில்லை. கை மட்டும் மேலே வந்தது. ஷர்மிளாவின் நெற்றியில் ஒரு தட்டு. காதைச் சாய்த்தாள். இன்னொரு தட்டு. பிறகு, அடுத்த பழத்துக்குப் போகிறவள்போல, அந்தப் பக்கம் புரண்டு படுத்தாள்.