ஈயப்பள்ளத்தைப் படம் எடுத்த கமர்ஜஹான்

நான்கு வயதில் வந்த காய்ச்சல் கமர்ஜஹானின் வலது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு கக்கத்தில் ஒரு ஊன்றுகட்டை இல்லாமல் அவளால் பத்தடி நடக்க முடியாது. அவளுடைய அண்ணன் அப்துல் ஜலீல் சிரம்பான் டவுனில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். பதினாறு வருஷம் அந்த ஸ்டூடியோவின் இருட்டறைதான் அவளுக்கு உலகம். படம் எடுப்பது அண்ணன், கழுவுவது இவள். எத்தனை கல்யாணம், எத்தனை குழந்தை, எல்லாம் இவள் கைக்குள் நீரில் மிதந்துதான் வெளியே போயின.

ஜப்பான்காரன் வந்ததும் ஸ்டூடியோவை மூடினார்கள். அண்ணன் லிங்கி ஆற்றுப் பக்கம் உப்பு வாங்கி விற்கக் கிளம்பினார். கமர்ஜஹானை புக்கிட் பெலண்டோக் அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார். தொழிலாளர் லயத்து வரிசையில் பாதி வீடுகள் காலி. ஆண்கள் பலர் சயாமுக்கு ரயில் பாதை போடப் போயிருந்தார்கள். இருந்தவர்கள் ரப்பர் பால் வெட்டுவதை விட்டு மரவள்ளி நட்டார்கள். பக்கத்து வீட்டு வள்ளிநாயகி கிழங்கு பிடுங்கி வருவாள். கமர்ஜஹான் உட்கார்ந்தபடி தோல் உரித்து, துருவி, மாவாக்குவாள்.

வள்ளிநாயகி விறகுக்கு ஈயப்பள்ளம் போவாள். அந்தக் காலத்தில் சீன முதலாளிகளான தவ்கேமார் தண்ணீரை அடித்து மலையைக் கரைத்து ஈயம் எடுத்த இடம் அது. கைவிட்டு நாற்பது வருஷமாகிவிட்டது. மழை அதை இன்னும் ஆழமாக அறுத்திருந்தது.

"செவப்பும் வெள்ளையுமா மண்ணு கோபுரம் கோபுரமா நிக்குதுக்கா. அடியில பச்சைத் தண்ணி. எட்டிப் பாத்தா ஆழமே தெரியாதுலா," என்றாள் வள்ளிநாயகி.

கமர்ஜஹானின் துருவும் கை நின்றது. மரவள்ளி மூட்டைகளுக்கு அடியில் அண்ணனின் கேமரா இருந்தது. படம் பதியும் கண்ணாடித் தட்டுகள் இரண்டே மிச்சம். பதினாறு வருஷம் மனிதர் முகங்களையே கழுவிய அவளுக்கு, ஆளே இல்லாத ஒரு இடத்தை எடுக்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது.

ஒரு வாரம் வள்ளிநாயகியைக் கேள்வி கேட்டே துளைத்தாள். வண்டி எதுவரை போகும்? வெயில் எந்த நேரம் பள்ளத்துக்குள் இறங்கும்? எந்தப் பக்கச் சுவரில் முதலில் விழும்? கரையில் மண் கெட்டியா, சரியுமா?

"அக்கா, நீங்க படம் புடிக்கப் போறீங்களா, அங்க வீடு கட்டப் போறீங்களா?"

"நடக்க முடியாதவ முன்னாடியே நடந்து பாத்துக்கணும்டி."

விறகு வண்டிக்கார மாயாண்டி ஏற்றிப் போக ஒத்துக்கொண்டார். கேமராவைக் கிழங்குச் சாக்கில் சுற்றி, மேலே இலையைப் போட்டு, காலை எட்டு மணிக்குக் கிளம்பினார்கள். ஜப்பான்காரன் ரோந்து வந்தால் கிழங்கு என்று சொல்லலாம்; கேமரா என்றால் பிடித்துப் போவான். யாரும் வரவில்லை.

கரையில் இறங்கியதும் கமர்ஜஹான் முகம் வாடியது. ஆள் உயர லாலாங் புல் பள்ளத்தையே மறைத்து நின்றது. கீழே இருபதடியில் ஒரு மேடை போல நிலம். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும் என்றாள் வள்ளிநாயகி. ஆனால் சரிவு. கட்டை ஊன்றினால் வழுக்கும்.

மாயாண்டி போய், விழுந்து கிடந்த ஒரு பெரிய பாக்கு மட்டையை இழுத்து வந்தார். "சின்னப் புள்ளைங்க இதுல ஒக்காந்துதான் சறுக்கும், தங்கச்சி."

"எனக்கு முப்பத்தஞ்சு வயசு, அண்ணே."

"மட்டைக்கு அது தெரியாது."

முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கமர்ஜஹான் மட்டையில் உட்கார்ந்தாள். வள்ளிநாயகி தள்ளினாள். இருபதடியும் ஒரே மூச்சு. கீழே போய்ப் புதரில் முட்டி நின்றவள், தலையில் இலையோடு திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வள்ளிநாயகி கேட்டதே இல்லை. கேமராவையும் முக்காலியையும் ஒரு பால் வாளியையும் தூக்கிக்கொண்டு அவளும் பின்னால் இறங்கினாள்.

பள்ளம் எதிரே விரிந்து கிடந்தது. நின்றுகொண்டு கேமராவின் கறுப்புத் துணிக்குள் குனிந்தால் அவள் கால் நடுங்கும். அதனால் கேமரா முக்காலியின் கால்களைக் குட்டையாக்கி, பால் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். தாழ இருந்து பார்க்க, சுவர்கள் இன்னும் ஓங்கின. பத்து மணிக்கு வெயில் மேற்குச் சுவரில் மெல்ல இறங்கி மண்ணின் ஒவ்வொரு வரியையும் எழுப்பியது.

முதல் தட்டு போட்டாள். லென்ஸ் மூடியைத் திறந்து "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணும்போது, முக்காலியைப் பிடித்திருந்த வள்ளிநாயகி தும்மினாள். கேமரா ஆடியது.

"மன்னிச்சுருங்கக்கா. புல்லுத் தூசி."

"இன்னும் ஒண்ணு இருக்கு. நீ கேமராவ வுட்டுட்டு ஒம் மூக்கப் புடிச்சுக்க."

இரண்டாம் தட்டில் அவளே மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள்.

ஏறுவதுதான் பெரும்பாடு. மாயாண்டி வண்டிக் கயிற்றை மட்டையில் கட்டி, மறுமுனையை மாடுகளின் நுகத்தில் பிணைத்தார். வள்ளிநாயகி கேமராவைச் சுமந்து பின்னால் ஏறினாள். "மெல்ல ஓட்டுங்கண்ணே, நான் மரக்கட்டை இல்ல," என்று கீழிருந்து குரல் வந்தது. மாடுகள் இரண்டும் அவளைக் கரைக்கு இழுத்துச் சேர்த்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல லாலாங்கை மேயத் தொடங்கின.

அன்று மாலையே சன்னலில் சாக்கை அடித்து அறையை இருட்டாக்கி, மிச்சமிருந்த மருந்தில் இரண்டு தட்டையும் கழுவினாள். முதல் தட்டில் பள்ளம் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. இரண்டாவது வெளிறி வந்திருந்தது. தட்டு பழசு, வலு போதவில்லை. படம் அச்சடிக்கத் தாளும் இல்லை.

சாக்கை விலக்கியதும் வள்ளிநாயகி இரண்டாம் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "என்னக்கா, வானம் கருப்பா இருக்கு. மலை வெள்ளையா இருக்கு."

கமர்ஜஹான் தட்டை வாங்கி, கறுப்புத் துணியின் மேல் வைத்து, சன்னல் பக்கமாகச் சற்றே சாய்த்தாள். வெளிறிய தட்டுக்கு மட்டும்தான் அந்த வித்தை பலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறி, மண் கோபுரங்கள் கண்ணாடிக்குள் எழுந்து நின்றன. அடியில் தண்ணீர் மின்னியது.

வள்ளிநாயகி தட்டின் மேல் குனிந்தாள். "தெனம் வெறகு பொறுக்குற எடமா இது," என்றாள்.

லயத்துச் சனம் ஒவ்வொருவராக வந்து பார்த்தது. ஒரு மாதம் கழித்து உப்பு மூட்டையோடு அண்ணன் வந்தார். தட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"யாரு எடுத்தது?"

"நான்தான் காக்கா," என்றாள் அண்ணனிடம்.

"நீ எப்படி அங்க போன?"

அவள் மாடுகளைப் பற்றிச் சொன்னாள். அவர் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு உப்பு மூட்டையை ஒதுக்கிவிட்டு, "லிங்கி ஆத்துல ஒரு வளைவு இருக்கு, புள்ள. சாயங்காலம் பாக்கணும். படகுலயே போயிரலாம். தட்டும் மருந்தும் நான் உப்புக்கு மாத்தி வாங்கிர்றேன்," என்றார்.

"வெயில் எந்தப் பக்கம் வுழும்?" என்று கேட்டாள் கமர்ஜஹான்.